"உடம்பு எப்படி இருக்கு?": அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் வீடு வீடாகப் போய் உடல்நலக் கணக்கெடுப்பு எடுக்கும் வேலையில் 11 வருஷம் இருந்தேன். புளியந்தோப்பு, வியாசர்பாடி, காசிமேடு என்று வடசென்னையில் பாதி நாள், மயிலாப்பூர், கே.கே. நகர் பக்கம் மீதி நாள். கையில் இருக்கும் தாளில் என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள் இருக்கும். ஆனால் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "பொதுவாகச் சொன்னால், உங்கள் உடல்நிலை எப்படி இருக்கிறது?" அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் இந்தப் பக்கம். உறவுக்காரர்களும், தெருவில் தெரிந்தவர்களும், காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் கூட நடக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. கேள்வி கேட்டுப் பதில் எழுதியவள், அவ்வளவுதான்.

இது வெறும் குசல விசாரிப்புதானே? இதை ஏன் ஆராய்ச்சியில் கேட்கிறார்கள்?

கேட்கும்போது அப்படித்தான் தோன்றும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்ததும் கேட்கிற கேள்வி என்பதால் நிறைய பேர் பதிலை யோசிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் உலகம் முழுக்க நடக்கும் பெரிய உடல்நல ஆய்வுகளில் இந்தக் கேள்வி இல்லாத ஆய்வு அபூர்வம். ரொம்ப நன்றாக இருக்கிறது என்பதில் தொடங்கி மோசம் என்பது வரை பெரும்பாலும் ஐந்து பதில்கள், அதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேறு விளக்கம் எதுவும் கொடுக்க மாட்டோம், "எதை வைத்துச் சொல்கிறீர்கள்" என்றும் கேட்க மாட்டோம். தன் உடம்பைத் தானே மதிப்பிடுவது என்பதால் இதைத் தன்மதிப்பீட்டு உடல்நலம் என்பார்கள். இந்தியாவில் 45 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்களுடைய கணவன் அல்லது மனைவியுமாக 72,000 பேருக்கு மேல் சேர்த்து 2017-18இல் நடந்த தேசிய முதுமை ஆய்விலும் இந்தக் கேள்வி உண்டு.

ஒரே ஒரு கேள்வியில் அப்படி என்ன தெரிந்துவிடும்?

இதை நம்ப எனக்கே கொஞ்ச காலம் ஆனது. கனடாவில் மனிடோபா என்ற மாகாணத்தில் 1971இல் 65 வயதைத் தாண்டிய 3,128 பேரிடம் இதே மாதிரிக் கேள்வியைக் கேட்டு, அப்புறம் ஆறேழு வருஷம் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள். 1982இல் முடிவு வெளிவந்தது. "மோசம்" என்று சொன்னவர்கள் முதல் சில வருஷங்களிலேயே இறந்துபோகும் வாய்ப்பு, "ரொம்ப நன்றாக இருக்கிறேன்" என்றவர்களைவிடக் கிட்டத்தட்ட 3 மடங்கு. சரி, மோசம் என்று சொன்னவர்களுக்கு ஏற்கெனவே நோய் அதிகம் இருந்திருக்கும், அதனால் இறந்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? அவர்களும் அதைத்தான் யோசித்தார்கள். டாக்டரிடம் போன கணக்கு, ஆஸ்பத்திரியில் சேர்ந்த கணக்கு, வயது, வருமானம் எல்லாவற்றையும் எடுத்துச் சமன் செய்து பார்த்தும் அந்த வித்தியாசம் போகவில்லை. மருத்துவப் பதிவேட்டில் இருந்ததைவிட அந்த மனிதர் வாயால் சொன்ன ஒரு வார்த்தை அதிகம் சொல்லியிருந்தது.

அதற்கப்புறம் பல நாடுகளில் இதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். 1997இல் இப்படிப்பட்ட 27 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் இதே கதைதான். 2006இல் இன்னொரு தொகுப்பு வந்தது. அதில் "மோசம்" என்றவர்களின் இறப்பு ஆபத்து உச்ச பதில் சொன்னவர்களைப் போல ஏறக்குறைய 2 மடங்கு. "சுமார்" என்றவர்கள் அதற்குக் கீழே, "நன்று" என்றவர்கள் அதற்கும் கீழே, படிக்கட்டு போல.

ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. நீங்கள் இன்று "மோசம்" என்று சொன்னால் உங்களுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று அர்த்தமே இல்லை. மழைக்காலத்தில் பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

டாக்டருக்கும் டெஸ்டுக்கும் தெரியாதது நமக்கு எப்படித் தெரியும்?

இதற்கு ஒரே பதில் கிடையாது. பல இழைகளைச் சேர்த்துத் திரித்த கயிறு என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, உடம்புக்குள் இருந்து வரும் சேதி. காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு மாதிரி இருக்கும் இல்லையா, கண் எரியும், காபி கசக்கும், தெர்மாமீட்டர் எதுவும் காட்டாது. உடம்பு நோயை எதிர்த்துப் போராடும்போது வரும் அழற்சி ஏறினால் ரத்தத்தில் சில பொருட்கள் கூடுகின்றன, அவை மூளைக்கு எட்டி அசதியாக, எதிலும் நாட்டமில்லாததாக நமக்குத் தெரிகின்றன. பின்லாந்துக்காரர் ஒருவரும் மற்றவர்களும் சேர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஹீமோகுளோபின், வெள்ளணு எண்ணிக்கை மாதிரி சாதாரண ரத்தப் பரிசோதனை அளவுகளே மக்கள் சொன்ன பதிலோடு படிப்படியாக ஒத்துப்போனதைக் காட்டினார்கள். அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போய், நன்றாக இருக்கும் 360 பேரின் மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டு மருந்து போல விட்டு, தனியாக வைத்துக் கவனித்தார்கள். சராசரி வயது 33, யாருக்கும் நோய் கிடையாது. அதில் தன் உடல்நிலைக்கு உச்ச மதிப்பெண் கொடுக்காமல் ஒரு படி இரண்டு படி கீழே சொன்னவர்களுக்குச் சளி பிடித்தது இரண்டு மடங்குக்கும் மேல். 2015இல் வந்த ஆய்வு இது.

இரண்டாவது, நம் கதை முழுக்க நமக்குத்தான் தெரியும். அப்பா எந்த வயதில் மாரடைப்பில் போனார், ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறோம், மாத்திரையைச் சரியாகப் போடுகிறோமா, குடிப்பது எவ்வளவு, வீட்டில் நிம்மதி இருக்கிறதா என்று டாக்டரிடம் மூன்று நிமிஷத்தில் சொல்ல முடியாத எல்லாவற்றையும் மனசு ஒரு நொடியில் கூட்டிக் கழித்துவிடுகிறது.

மூன்றாவது, நேற்றோடு இன்றை ஒப்பிடுகிற வசதி. லேபில் கொடுக்கிற காகிதம் உங்களை மற்ற ஜனங்களோடு ஒப்பிடும். நீங்கள் உங்களோடு ஒப்பிடுகிறீர்கள்.

என் அப்பா கதையைச் சொல்கிறேன். பெரம்பூரில் வீடு. ரிட்டையர் ஆன பிறகும் தினமும் காய்கறி வாங்க மார்க்கெட்டுக்கு நடந்தே போவார், யாராவது உடம்பைப் பற்றிக் கேட்டால் "எனக்கென்ன" என்பதைத் தாண்டி வார்த்தை வராது. ஒரு வருஷம் ஆடி மாசம் நான் போயிருந்தபோது கேட்டேன். பையை இறக்கி வைத்துவிட்டு, "முன்ன மாதிரி இல்லம்மா" என்றார். வலிக்கிறதா? இல்லை. மூச்சு வாங்குகிறதா? இல்லை. அப்போ என்ன? "தெரியல, சுமாரா இருக்கு." ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஈசிஜி நார்மல், சர்க்கரை நார்மல், வயசாகிறதல்லவா என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கும் அது போதுமானதாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கப்புறம் அவரோடு ஒரு நாள் மார்க்கெட்டுக்கு நடந்தபோதுதான் பார்த்தேன், பாதி வழியில் ஒரு டீக்கடை, அங்கே நின்று டீ வாங்குகிறார். 30 வருஷமாக வெளியில் டீ குடிக்காத மனுஷன். டீ அவருக்கு முக்கியமில்லை, நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. மறுபடி கூட்டிப்போய் நடக்கவிட்டு எடுக்கும் ஈசிஜி எடுத்தபோது இதய ரத்தக்குழாயில் அடைப்பு தெரிந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். சும்மா படுத்திருக்கும்போது எடுக்கிற ஈசிஜியில் இப்படிப்பட்ட அடைப்பு தெரியாமலே போகலாம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த "சுமாரா இருக்கு" வந்து இரண்டு மாசம் ஆகியிருந்தது.

அப்படியென்றால் நன்றாக இருப்பதாகத் தோன்றினால் டெஸ்ட் வேண்டாமா?

வேண்டும். கட்டாயம் வேண்டும். "நன்றாக இல்லை" என்று உடம்பு சொன்னால் அதில் பெரும்பாலும் ஏதாவது இருக்கும், ஆனால் "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்வதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆரம்பத்தில் சத்தமே போடாத நோய்கள்.

புளியந்தோப்பில் ஒரு வீடு, உள்ளே நுழையவே குனிய வேண்டும். ஒரு அம்மா தரையில் உட்கார்ந்து ஓட்டலுக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. நகமெல்லாம் தேய்ந்து, விரல் நுனி வெந்த மாதிரி சிவந்திருந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்றேன். "எனக்கு இன்னாம்மா, கல்லு மாதிரி கீறேன்" என்றார், கை நிற்கவே இல்லை. உச்ச பதிலில் வட்டம் போட்டேன். அப்புறம் கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்த்தால் 196/112. ஐந்து நிமிஷம் சும்மா உட்காரச் சொல்லி மறுபடி பார்த்தேன், 188/110. மிஷின் ரிப்பேர் என்றார், அதனால் அதே மிஷினில் எனக்குப் பார்த்துக் காட்டினேன். அப்போதுதான் கையில் இருந்த பூண்டைக் கீழே வைத்தார். 140/90ஐத் தாண்டினாலே அதிகம் என்பது கணக்கு. அவர் எத்தனை வருஷமாக அந்த அழுத்தத்தோடு பூண்டு உரித்தாரோ. இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், 2021இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள்.

சென்னையில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோய் இருப்பவர்கள் 10 கோடிக்கு மேல், அதற்கு முந்தின நிலையில் 13 கோடிக்கு மேல், ரத்த அழுத்தம் பெரியவர்களில் 35 சதவீதத்துக்கு மேல் என்று அதில் கணித்திருக்கிறார்கள். முந்தின நிலையில் இருக்கும் அந்த 13 கோடிப் பேரிடம் போய்க் கேட்டால் பெரும்பாலானவர்கள் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார்கள், அவர்கள் பொய்யும் சொல்லவில்லை. ஆகையால் 30 வயதைத் தாண்டியவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது பி.பி., சர்க்கரை பார்த்துவிடுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது.

நம் ஜனங்கள் எல்லோரும் "பரவாயில்லை" என்றுதானே சொல்வார்கள்? அதை வைத்து என்ன செய்ய முடியும்?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்தேன்.

"ரொம்ப நன்றாக இருக்கிறேன்" என்று நம் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் கண் பட்டுவிடும். காசிமேட்டில் ஒரு பாட்டி, 78 வயது, மாடிப்படி ஏறி இறங்கி மீன் விற்றுவிட்டு வந்தவர், "ஏதோ சாமி புண்ணியத்துல ஓடுது" என்றார். அதை எந்தக் கட்டத்தில் போடுவது? மயிலாப்பூரில் ஒரு மாமா, இரண்டு முறை பைபாஸ் ஆனவர், அவரும் "ஏதோ ஓடிண்டிருக்கு" என்றுதான் சொன்னார். சொல் ஒன்றுதான், நிலை இரண்டு.

பரவாயில்லையிலும் பல ரகம் இருக்கிறது. கேட்டவுடனே வருகிற பரவாயில்லைக்கு "நன்றாகத்தான் இருக்கிறேன், கண் போடாதே" என்று பொருள். ஒரு மூச்சு இழுத்துவிட்டு வருகிற பரவாயில்லை வேறு. மகன் பக்கத்தில் நிற்கும்போது வருவது இன்னொன்று: ஆஸ்பத்திரிச் செலவு வந்துவிடக் கூடாது என்ற பயம் அதில் இருக்கும். "இப்போ பரவாயில்லை" என்றால் முன்னால் ஏதோ இருந்திருக்கிறது, அதைக் கேட்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்: வார்த்தையை எழுதுங்கள், ஆனால் அது வருவதற்கு முன்னால் எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் கவனியுங்கள்.

ஆராய்ச்சியாளர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரியும். ஊருக்கு ஊர் அளவுகோல் மாறுகிறது என்பதால் சில ஆய்வுகளில் சின்னச் சின்னக் கதைகள் சொல்லிக் கேட்பார்கள். "ஒருவருக்கு மாசத்தில் நாலு நாள் முதுகு வலி, வேலைக்குப் போகிறார், ஆனால் குனிந்து தூக்க முடியாது, அவர் உடல்நிலையை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டால், நீங்கள் எதை நன்று என்கிறீர்கள், எதைச் சுமார் என்கிறீர்கள் என்பது பிடிபட்டுவிடும். அதை வைத்து உங்கள் சொந்தப் பதிலைத் திருத்திப் படிப்பார்கள்.

படித்தவர்கள், வசதியானவர்கள்தானே அதிகம் புகார் சொல்கிறார்கள்? ஏழைகள் ஆரோக்கியமாக இருக்கிறார்களா?

இல்லை, இது ஆபத்தான தப்புக் கணக்கு. அமர்த்தியா சென் 2002இல் ஒரு மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார். அப்போது இந்தியாவிலேயே நீண்ட ஆயுள் கேரளத்தில், ஆனால் எனக்கு நோய் இருக்கிறது என்று அதிகம் சொல்கிறவர்களும் கேரளத்துக்காரர்கள். பீகாரில் ஆயுள் குறைவு, நோய் இருப்பதாகச் சொல்கிறவர்களும் குறைவு. அமெரிக்கர்களோ கேரளத்துக்காரர்களையும் மிஞ்சி நோய் சொல்கிறார்கள். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எட்டும் தூரத்தில் இருக்கிறவருக்கு இது நோய், இதற்கு மருந்து உண்டு என்று தெரிகிறது. எட்டாத தூரத்தில் இருப்பவருக்கு இருமலும் அசதியும் பொழுது விடிந்தால் வருகிற விஷயம், அதைப் போய் யாரிடம் சொல்வது?

ஆகவே இரண்டு ஊரை, இரண்டு தெருவை ஒப்பிட இந்தக் கேள்வி நல்ல தராசு இல்லை. ஒரே ஆளை வருஷா வருஷம் கேட்டால் அதே கேள்வி நன்றாக வேலை செய்கிறது.

பெண்கள் பதிலில் வித்தியாசம் உண்டா?

உண்டு. பல நாடுகளில் பெண்கள் ஆண்களைவிட அதிக நாள் வாழ்கிறார்கள், ஆனால் உடல்நிலை சரியில்லை என்று சொல்வதும் அவர்கள்தான் அதிகம். மூட்டு வலி, தலைவலி, அசதி போல ஆளைச் சட்டென்று கொல்லாமல் தினமும் அரிக்கிற நோய்கள் பெண்களிடம் அதிகம் என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஆனால் நான் பார்த்த முதல் பிரச்சினை அதுவல்ல. மனைவியைக் கேட்டால் கணவர் பதில் சொல்வார். "அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா." இந்தக் கேள்விக்கு மட்டும் அடுத்தவர் பதிலை எழுதக் கூடாது என்பது எங்கள் விதி, அதனால் தண்ணீர் வேண்டும் என்று சொல்லி அந்த அம்மாவோடு அடுப்படி வரை போய்க் கேட்போம். அங்கே வருகிற பதில் பெரும்பாலும் வேறாக இருக்கும்.

இன்னொன்று, ரத்தசோகை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. பாதிப் பேருக்கு இருக்கும்போது அது நோயாகவே தெரியாமல் போகிறது. அம்மாவுக்கும் மூச்சு வாங்கியது, அக்காவுக்கும் வாங்குகிறது, எனக்கும் வாங்குகிறது, பொம்பளை என்றால் இப்படித்தான் என்று பழகிவிடுகிறார்கள். அவர்கள் "நன்று" என்று சொல்வது 9 கிராம் ஹீமோகுளோபினுக்குப் பழகிப்போன நன்று. 12 இருந்தால் எப்படி இருக்கும் என்று அவர்கள் உடம்புக்கு ஞாபகமே இல்லை. இரும்புச் சத்து மாத்திரையைச் சில மாசம் சரியாகச் சாப்பிட்ட ஒரு பெண், "அக்கா, 29சி பஸ்ஸுல நின்னுகிட்டே வரேன், ஒண்ணுமே தெரியல" என்றாள். முன்னால் சரியில்லாமல் இருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், ஆனால் எனக்கு உடம்பு சரியில்லை. யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

நான் நம்புகிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ரிப்போர்ட் நார்மல் என்றால், எடுத்த அந்தப் பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். எடுக்காதவை எவ்வளவோ இருக்கின்றன. தைராய்டு, வைட்டமின் பி12, ஹீமோகுளோபின் பார்த்தீர்களா? குறட்டை விடுகிறீர்களா, எட்டு மணி நேரம் தூங்கியும் காலையில் தூக்கமே போதாத மாதிரி இருக்கிறதா? அது தூக்கத்தில் மூச்சு தடைபடுவதாக இருக்கலாம். புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்த பிறகு இப்படி ஆனதா? இதையெல்லாம் டாக்டரிடம் கேளுங்கள். "உடம்பு சரியில்லை" என்று மொத்தமாகச் சொல்லாமல், "ஆறு மாசம் முன்னால் மூன்று மாடி ஏறினேன், இப்போது ஒன்றில் நிற்கிறேன்" என்று முன்னும் பின்னும் சேர்த்துச் சொல்லுங்கள். வித்தியாசத்தைச் சொன்னால் டாக்டரும் நிமிர்ந்து உட்காருவார்.

அப்புறம் மனசு. மயிலாப்பூரில் ரிட்டையரான டீச்சர் ஒருவர், கணவர் போய் எட்டு மாசம். பிளாஸ்டிக் ஃபைலில் ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார், எல்லாம் சரியாக இருந்தது. "மோசம்னு எழுதிக்கோம்மா" என்றார். உடம்பெல்லாம் வலி, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை. நம் ஊரில் மனச்சோர்வு பெரும்பாலும் கண்ணீராக வருவதில்லை, முதுகு வலியாகவும் அசதியாகவும்தான் வருகிறது. கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாள் மனசு சோர்ந்து இருந்ததா, வழக்கமாகப் பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போனதா என்று இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் அதற்கும் வைத்தியம் இருக்கிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

இப்படிப்பட்டவரிடம் "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லாதீர்கள். வலி அவருக்கு உண்மையாகவே வலிக்கிறது.

எனக்குச் சர்க்கரை, மூட்டு வலி எல்லாம் உண்டு. ஆனாலும் நன்றாக இருக்கிறேன் என்று தோன்றுகிறது. என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனா?

அப்படி இல்லை. மிதமானது முதல் கடுமையானது வரை ஊனம் உள்ளவர்களிடம் பேசி 1999இல் வெளியிட்ட ஒரு ஆய்வில் 54 சதவீதம் பேர் தங்கள் வாழ்க்கைத் தரம் நன்றாக அல்லது மிக நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். பார்க்கிறவர்களுக்கு ஆச்சரியம், வாழ்கிறவர்களுக்கு இல்லை. நோய் இருப்பது வேறு, அதோடு வாழத் தெரிந்திருப்பது வேறு. மருந்து பிடிபட்டிருக்கிறது, வலிக்கு எது ஒத்துக்கொள்கிறது என்று தெரியும், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட முடிகிறது, சாயங்காலம் பேச ஆள் இருக்கிறது என்றால் "நன்று" என்பது நியாயமான பதில்தான். 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனமே நோய் இல்லாததை மட்டும் ஆரோக்கியம் என்று சொல்லவில்லை. உடம்பு, மனசு, சமூகம் மூன்றிலும் நலமாக இருப்பதைத்தான் சொல்கிறது. மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

சந்தோஷமாக இருந்தால் ஆயுள் கூடுமா? பாசிட்டிவாக நினைத்தால் நோய் வராது என்கிறார்களே?

எனக்கு இந்தப் பேச்சில் கோபம் வரும். நோயில் கிடப்பவரிடம் போய், நீங்கள் சரியாக நினைக்கவில்லை அதனால்தான் வந்தது என்று சொல்வதற்கு இது சமம்.

பிரிட்டனில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட நடுவயதுப் பெண்களைப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2015 கடைசியில் வெளிவந்தது. மேலாகப் பார்த்தால் சந்தோஷமில்லாதவர்கள் அதிகம் இறந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் தொடக்கத்தில் அவரவர் தன் உடல்நிலையைப் பற்றிச் சொன்ன பதிலையும், புகைபிடிப்பது போன்ற பழக்கங்களையும் கணக்கில் சேர்த்தவுடன் அந்த வித்தியாசம் காணாமல் போனது. உடம்பு சரியில்லாததால் சந்தோஷம் குறைந்திருந்தது, சந்தோஷம் குறைந்ததால் அவர்கள் இறக்கவில்லை. சந்தோஷமாக இருங்கள், அது தன்னளவிலேயே நல்லது. அதை மருந்தாக்கி மற்றவர் வாயில் திணிக்க வேண்டாம்.

தினமும் "நான் ஆரோக்கியமாக இருக்கிறேன்" என்று சொல்லிப் பழகினால் பதில் மாறிவிடாதா?

பதில் மாறலாம், உடம்பு மாறாது. நடந்தால், நன்றாகத் தூங்கினால், சிகரெட்டை விட்டால் இரண்டுமே மாறும்.

கையில் கட்டும் வாட்ச் எல்லாம் காட்டுகிறதே, இதை எதற்குக் கேட்க வேண்டும்?

காட்டட்டும், நல்லதுதான். காலடி எண்ணிக்கை 4,000 என்று அது சொல்லும், முழங்கால் வலித்ததால் 4,000மா, மழை பெய்ததால் 4,000மா என்று அதற்குத் தெரியாது.

அம்மா அப்பா ஊரில் அல்லது வேறு வீட்டில் இருக்கிறார்கள். போனில் கேட்டால் "நல்லா இருக்கோம்" என்றுதான் சொல்கிறார்கள். எப்படிக் கேட்பது?

ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் அதிலேயே பதிலையும் கொடுத்துவிடுகிறோம், ஆமாம் என்பதைத் தவிர வேறு என்ன சொல்வார்கள்? "போன தீபாவளிக்கு இருந்ததுக்கு இப்போ உடம்பு எப்படிப்பா இருக்கு, அதே மாதிரியா, கொஞ்சம் குறைச்சலா?" என்று கேளுங்கள். ஒப்பிடச் சொன்னால் யோசிப்பார்கள். இருவரையும் ஸ்பீக்கரில் வைத்துக் கேட்காமல் தனித்தனியாகக் கேளுங்கள், அப்பாவைப் பற்றி அம்மாவிடம் கேட்டால் நிஜம் வரும். நேரில் போகும்போது எதை நிறுத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மொட்டை மாடியில் துணி காயப்போடுவதா, கோவிலுக்குப் போவதா, குழம்பில் தேங்காய் அரைப்பதா? சொல்லாததெல்லாம் அங்கே தெரியும்.

"குறைச்சல்" என்று வந்து, அது இரண்டு மூன்று வாரம் தாண்டியும் அப்படியே இருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். நெஞ்சில் அழுத்தம், திடீரென்று மூச்சுத் திணறல், வாய் கோணுவது, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது என்றால் கேள்வியெல்லாம் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே 108.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. அம்மா அடுப்படிச் சுவரில் மாதக் காலண்டரில் பால் கணக்கு எழுதுவார், ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் அரை, முக்கால் என்று. ஸ்டென்ட் வைத்த பிறகு ஒவ்வொரு மாசமும் முதல் தேதியில் பால் கணக்குக்குப் பக்கத்தில் அப்பாவைக் கேட்டு ஒரு வார்த்தையும் எழுதுகிறார். "நல்லா", "நல்லா", "சுமார் (கல்யாண அலைச்சல்)", "நல்லா". நான் போகும்போதெல்லாம் காபி குடித்துக்கொண்டே பழைய தாள்களைத் தூக்கிப் பார்ப்பேன். போன மாசம் அவர் கட்டத்தில் "நல்லா" என்று இருந்தது, அதற்குக் கீழே பென்சிலால் சின்னதாக இன்னொரு வார்த்தை. அம்மா தன்னுடையதையும் எழுத ஆரம்பித்திருக்கிறார்: "முழங்கால்".